பழைய சோறு 'லெஃப்ட்ஓவர்' அல்ல

வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காக நம்மில் பலர் சிறுவயது நினைவுகளை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது, வேறு வழியில்லை. ஆனால் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது சொல்லில் கவனம் வேண்டும்.

பழைய சோற்றை 'லெஃப்ட்ஓவர் ரைஸ்' என்று எழுதினால், மிச்சம் மீதியைத் தின்று வளர்ந்தோம் என்றுதான் குழந்தை நினைக்கும். எங்கள் வீட்டில் அதற்கென்றே அம்மா ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவார். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் லேசாகப் புளித்திருக்கும். கொஞ்சம் மோர், உப்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அது மிச்சமல்ல, ஏற்பாடு. ரசமும் 'சூப்' ஆகாது. சூப் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பது. ரசம் சோற்றில் விட்டுப் பிசைவது.

நம் சொல்லையே எழுதி, எப்படிச் செய்தார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கஞ்சியை 'கான்ஜி' என்றும் மிளகுத்தண்ணீரை 'மல்லிகடானி' என்றும் ஆங்கிலமே எடுத்துக்கொண்டது. இட்லி இன்று ஆக்ஸ்போர்டு அகராதியில் இருக்கிறது. நாம் ஏன் கூச வேண்டும்?

'பழைய சோறு' என்றே எழுதுங்கள். புரியாவிட்டால் பேரன் போன் செய்து கேட்பான். அதுவும் நமக்கு லாபம்தானே!