உறுத்தாத மனசாட்சி

'கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா?' கோபம் தலைக்கேறினால் எல்லா வீட்டிலும் எழும் கேள்வி இது. அமெரிக்காவில் ஒரு பேராசிரியரிடம் இதைக் கேட்டது, அவருடைய மூளைப் படம்!

ஜேம்ஸ் ஃபாலன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தில் நரம்பியல் விஞ்ஞானியாக இருந்தவர். கொலைகாரர்களின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து வந்தவர். 2005-ம் ஆண்டுவாக்கில், அல்ஸைமர் நோய் பற்றிய வேறோர் ஆய்வுக்காகத் தன் குடும்பத்தாரையும் ஸ்கேன் எடுக்க வைத்தார். அந்தக் கட்டில் ஒரு படம் அவரைத் திடுக்கிட வைத்தது. பிறர் துன்பத்தை உணரவும், நினைத்ததைச் செய்யும் வேகத்தை அடக்கவும் உதவும் பகுதிகள் மங்கிக் கிடந்தன. கொலைகாரர் படம் ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்துப் பெயரைப் பார்த்தார். அவருடையதேதான்!

அவர் கொலைகாரர் இல்லை. மனைவி, பிள்ளைகளோடு வாழ்ந்தவர். அன்பான பெற்றோர் வளர்த்ததுதான் தன்னைக் காப்பாற்றியது என்று நம்பினார். ஆனால், 'என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று நெருங்கியவர்களிடம் கேட்டபோது, யாரும் பெரிதாக ஆச்சர்யப்படவில்லை. அவரிடம் ஏதோ ஒரு ஈரம் குறைவு என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

'சோஷியோபாத்' என்பது பேச்சுவழக்குச் சொல். டாக்டர்கள் இதை ஒட்டிய நிலையை 'சமூக விரோத ஆளுமைக் கோளாறு' என்பார்கள். ஒரே ஒரு ஸ்கேனை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. 18 வயதுக்குள் யாருக்கும் அந்த முத்திரையைக் குத்துவதும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு நல்லது கெட்டது தெரியாமல் இல்லை. சிக்னலில் சிவப்பு விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிகிறது, பிரேக்தான் பிடிப்பதில்லை.

அப்படியானால் நல்லவராக நடக்கவே முடியாதா? ஃபாலன் ஒரு சோதனையில் இறங்கினார். ஒவ்வொரு முறையும் சற்று நின்று, 'இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் என்ன செய்வார்?' என்று யோசித்து, அதையே செய்தார். மனைவி மாற்றத்தைக் கவனித்துக் காரணம் கேட்டார். இது உள்ளிருந்து வருவதில்லை, ஒரு முயற்சிதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார் ஃபாலன். மனைவிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டில் தொடர்ந்து காயப்படுத்துகிற ஒருவர் இருந்தால், 'என்றைக்காவது அவருக்கே உறுத்தும்' என்று பலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிலருக்கு உறுத்தாமலே போகலாம். அவர் கண்ணீர் விட்டாரா என்று பார்ப்பதைவிட, மறுநாள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்ப்பதே பாதுகாப்பு.