ஜெபத்தோடு நின்றுவிடலாமா?

“ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்.” அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் மனம் சோர்ந்த பிள்ளைகள் பலர் கேட்டு வளர்ந்த ஆறுதல் இது. ஆறுதலில் தவறில்லை, அதோடு நின்றுவிடுவதில்தான் ஆபத்து.

5 முதல் 12 வயதுக் கறுப்பினச் சிறாரின் தற்கொலை விகிதம் வெள்ளையினச் சிறாரைவிடச் சுமார் இரு மடங்கு என்றது 2018இல் வெளியான ஆய்வு.

தேவாலயத்தைக் குறைசொல்வது எளிது. ஆனால் அடிமைக் காலந்தொட்டு அம்மக்களைத் தாங்கி நின்றது அதுதான். மருத்துவத்தின் கதை வேறு: அமெரிக்காவின் டஸ்கீகி நகரில் அரசு மருத்துவர்களே கறுப்பின ஆண்களின் சிபிலிஸுக்குச் சிகிச்சை தராமல், 1932 முதல் 40 ஆண்டுகள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

எனவே மனநல ஆலோசகர் போதகரோடு கைகோக்கட்டும். போதகரும் ஞாயிறு பிரசங்கத்தில், 2022 முதல் இயங்கும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைச் சொல்லட்டும்.