குதித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்

மாரத்தானுக்கு டிரெட்மில்லில் பயிற்சி எடுப்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். பல வருடம் சாலையில் ஓடியவர். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காலுக்கு இருக்கும் அனுபவத்தை இயற்பியல் அறிவு என்று அவர் நம்பிவிட்டார். வினையே அங்கேதான்.

பெல்ட் காலைத் தானாகவே பின்னால் இழுத்துக்கொள்கிறதாம். ஓடுபவர் இருந்த இடத்தில் குதித்தால் போதுமாம். எழுதுவதற்கு முன் ஒரு தடவை குதித்துப் பார்த்திருக்கலாம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வைத்தால் பெல்ட் வினாடிக்கு 3.3 மீட்டர் நகரும். ஓடுவதற்கு இருக்கும் நீளமோ சுமார் ஒன்றரை மீட்டர். வெறுமனே குதிப்பவர் நாலு குதியில் ஜிம்மின் பின்சுவரைப் பார்த்துவிடுவார். கப்பல் நின்றாலும் சீரான வேகத்தில் போனாலும் அதன் மூடிய அறைக்குள் பறக்கும் பூச்சிகளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்று கலிலியோ 1632-லேயே எழுதி வைத்துவிட்டார். பெல்ட்டின் வேகம் சீராக இருக்கும்வரை, நகர்வது தரையா ஆளா என்று தொடைக்கும் தெரியாது, நுரையீரலுக்கும் தெரியாது.

மிஞ்சுவது காற்று. சாலையில் ஓடுபவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், அறைக்குள் அது இல்லை. இது உண்மைதான். எவ்வளவு உண்மை என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஜோன்ஸும் டௌஸ்ட்டும் 1996-ல் இதை அளந்தார்கள். வேகமாக ஓடுகிறவர்களுக்கு இயந்திரத்தில் 1 சதவீத ஏற்றம் வைத்தால் அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது என்று கண்டார்கள். வேகம் குறையக் குறைய வித்தியாசமும் கரைந்துபோகிறது. ஐந்து மணி நேரத்தில் மாரத்தான் முடிக்கிறவரின் வேகம் மணிக்கு எட்டரை கிலோமீட்டர்கூட இல்லை. அவருக்குக் காற்றின் எதிர்ப்பைக் காட்டிப் பயமுறுத்துவது என்ன நியாயம்?

கட்டுரையின் முன்பாதியில் டிரெட்மில் ஓட்டம் ‘சுலபமானது’. பின்பாதியில் அதே ஓட்டம் ‘ஒரு மணி நேரம்கூடச் சகிக்க முடியாதது’, ஆகவே மனதைப் பழக்காது. எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். சுவரைப் பார்த்தபடி 30 கிலோமீட்டர் ஓடி முடிப்பவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரலில் விண்வெளி நிலையத்தில், உடலைப் பட்டைகளால் டிரெட்மில்லோடு பிணைத்துக்கொண்டு, பாஸ்டன் மாரத்தானின் முழுத் தூரத்தையும் ஓடினார். ஏமாற்று வேலை என்று அவரிடம் போய்ச் சொல்வாரா?

இது ‘உண்மையான உழைப்பே அல்ல’ என்ற வரியைப் படித்தபோது இதய மருத்துவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நம் ஊரில் டி.எம்.டி. என்று எடுக்கிறார்களே, அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த அந்தப் பரிசோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். சும்மா இருக்கையில் தெரியாத ரத்தக்குழாய் அடைப்பு அந்தப் பெல்ட்டின் மேல்தான் வெளியே வருகிறது. உழைப்பு பொய்யானால் ஈ.சி.ஜி. ஏன் மாறுகிறது?

‘சாம்பியன்கள் யாரும் இயந்திரத்தை நாடியதில்லை’ என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறார். நார்வேயின் இங்ரிட் கிறிஸ்டியன்சன் பனிக்காலத்தில் டிரெட்மில்லில் பயிற்சி எடுத்தவர். 1985 லண்டன் மாரத்தானை 2 மணி 21 நிமிடம் 6 வினாடியில் முடித்தார். அந்த உலக சாதனையை 1998 வரை எந்தப் பெண்ணும் தொடவில்லை. அலாஸ்காவில் இரண்டு பிள்ளைகளின் தாயான கிறிஸ்டீன் கிளார்க் என்ற மருத்துவர், பனியும் இருட்டும் வெளியே விடாததால் பயிற்சியில் பெரும்பகுதியை வீட்டுக்குள் டிரெட்மில்லிலேயே செய்தார். 2000 பிப்ரவரியில், தெற்கு கரோலினாவில் நல்ல வெயிலில் நடந்த ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் அமெரிக்காவின் பிரபல வீராங்கனைகளை எல்லாம் பின்னால் விட்டு முதலிடம் பிடித்து சிட்னிக்குப் போனார். ‘வெயிலுக்கு உடம்பு பழகாது’ என்ற வாதத்துக்கும் இதுவே பதில்: எதிர்க்காற்று இல்லாத அறையில் உடம்பு கொதிக்கத்தான் செய்கிறது.

அவர் சொன்னதில் சரியானதும் உண்டு. சாதாரண டிரெட்மில்லில் இறக்கம் கிடையாது. இறக்கத்தில் தொடைத்தசை வாங்கும் அடி தனி வகை. இறக்கங்கள் உள்ள பாஸ்டன் மாரத்தானுக்குப் போகிறவர் சாலையில் இறங்கியே ஆக வேண்டும். சென்னை மாரத்தானில் ஓடுகிறவருக்குப் பாலத்தை விட்டால் இறக்கம் ஏது? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்களை அவர் கேலி செய்ததற்கும் என் கைதட்டல் உண்டு. அது ஓட்டமே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பத்தியில். ‘சோம்பலை விட்டு விடிகாலை நாலரைக்குச் சாலைக்கு வாருங்கள்’ என்கிறார். யாரிடம் சொல்கிறார்? சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, அதாவது வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து விழுகின்றன. முழங்கால் தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டுவாரா? தெருவிளக்கு எரியாத சாலையில் தனியாக ஓடும் பெண்ணுக்குப் பின்னால் மெதுவாக வரும் பைக்கைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தெருநாய்கள் இல்லை. குழந்தை விழித்துக்கொண்டால் ஓடிப்போய்த் தூக்க வேண்டிய தாய் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலை வீடு திரும்புகிறவர் இல்லை. எந்த நேரத்திலும் எந்தத் தெருவிலும் இறங்கி ஓட முடிகிற ஓர் ஆண், தன் வசதியை ஒழுக்கம் என்று பெயரிட்டு மற்றவர்களின் சூழ்நிலையைச் சோம்பல் என்கிறார்.

ஜனவரிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்களே, மழை பிடித்துக்கொண்டால் இயந்திரத்தில் ஓடுங்கள். கைப்பிடியை விடுங்கள், மின்விசிறியைப் போடுங்கள், தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். வானம் விட்ட நாளில் சாலைக்குப் போங்கள். அந்தக் கட்டுரைக்காக மட்டும் ஒரு நாள் பயிற்சியைக்கூட விட்டுவிடாதீர்கள்.