பிழைக்க வந்த ஊரில் ஏமாறலாமா?

மும்பையில் பாடுபடும் நம்மவர்கள் ஊருக்குப் புறப்படும் முன் மிக்சியோ, குக்கரோ வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மிக்சி ஓடவில்லை. என்ன செய்கிறார்கள்?

சிலர், "பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு?" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் கடை வாசலில் நின்று கூச்சல் போடுகிறார்கள். இரண்டிலும் லாபம் கடைக்காரருக்குத்தான். பேசாதவரின் பணம் அவரிடமே தங்கிவிடுகிறது. கூச்சல் போடுபவரை, "தகராறு செய்கிறான்" என்று விரட்டிவிடலாம். மொழி சரியாக வராத ஊரில் கூச்சல் எடுபடாது, எழுத்துதான் எடுபடும்.

எனவே முதலில் வேண்டியது ரசீது. "பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைக்கிறேன்" என்று ஆசை காட்டுவார்கள். மயங்கக் கூடாது. 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். ரசீதில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கெடு. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற பலகை சட்டத்தைவிடப் பெரியதல்ல. ஆனால், நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதெல்லாம் குறை ஆகாது.

அடுத்து, யாரிடம் சொல்வது? கடைப் பையனும் நம்மைப் போல் சம்பளத்துக்கு வேலை செய்பவன்தான். அவனைத் திட்டிப் பயனில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில், பொருளுடனும் ரசீதுடனும் முதலாளியையோ மானேஜரையோ பாருங்கள். என்று வாங்கினீர்கள், என்ன குறை, உங்களுக்கு வேண்டியது வேறு பொருளா, பணமா? இந்த மூன்றை மட்டும் நிதானமாகச் சொல்லுங்கள். மறுத்தால் அதையே ஒரு பக்கக் கடிதமாக எழுதி, பதில் தரக் கெடுவும் குறித்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைக்கக் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்பு வழங்க மாட்டார்கள், சமரசத்துக்கு முயல்வார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் தொழில் நடத்தும் இடத்திலோ வியாபாரம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடிந்தது. இப்போது, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலும் வேலை பார்க்கும் இடத்திலும் போடலாம். மும்பையில் வாங்கிவிட்டு, நெல்லையில் குடியேறியவர் நெல்லையிலேயே முறையிடலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி என்ன செய்வார்? ஆபீசில் பேனா பிடிக்கும் நண்பர்கள் அவருக்கு அந்த ஒரு பக்கக் கடிதத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுக்கலாமே! அரை மணி நேர வேலைதான். அதில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பல மாத சேமிப்பு காப்பாற்றப்படும்.

பிழைக்க வந்தவர்கள் என்பதால் நாம் கொடுக்கும் ரூபாயின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதற்கு உரிய பொருளைக் கேட்பது வம்பு அல்ல, நியாயம்.