பெற்றோரின் குரலும் சட்டத்தில் ஒலிக்கட்டும்

பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரை இரண்டு அச்சங்கள் வாட்டுகின்றன. போதை அவன் உயிரைப் பறித்துவிடுமோ என்பது ஒன்று. உதவி கேட்டால் வழக்கு பாயுமோ என்பது மற்றொன்று.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 27ஆம் பிரிவில், போதைப்பொருளை உட்கொள்வதையே ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் போதை அடிமைகளுக்கு அவ்வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. இந்த உரிமையைக் காவல் நிலையத்திலேயே குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்வது கட்டாயமாக வேண்டும்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, அபின் வகைப் போதையிலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் பேர். இவர்களைச் சிறைகள் மீட்காது.

கனடாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் 2016இல் அமைப்பாகத் திரண்டு, தண்டனைக்குப் பதில் சிகிச்சை கோரி அரசின் கதவைத் தட்டினார்கள். இங்கேயோ பல குடும்பங்கள் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி வாய்மூடித் தவிக்கின்றன. கடத்தல்காரர்கள் மீதான நடவடிக்கை துளியும் தளரக் கூடாது. ஆனால், போதைக்கு அடிமையானவர்களுக்கு மாவட்டந்தோறும் இலவச சிகிச்சையும், கொள்கை வகுக்கும் குழுக்களில் பெற்றோருக்கு இடமும் கர்நாடக அரசு உடனே வழங்க வேண்டும்.