முழவின் தாய்மரம்

விழாவென்றால் தவில் முழங்கும். இசையரங்கென்றால் மிருதங்கம் ஒலிக்கும். வாசித்த வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். 1975ஆம் ஆண்டில் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் புகழ் கடல் கடந்தும் நிலைத்திருக்கின்றது. அது தக்கதே. ஆயின் அவ்வொலிக்கு உடல் தந்த மரத்தையும், அதனைக் குடைந்த தச்சரையும் மேடையிலே நினைந்து பேசுவார் மிகச் சிலரே.

நல்ல மிருதங்கக் கட்டையும் தவிற் கட்டையும் பலகைகளைப் பொருத்தி அமைப்பன அல்ல. முழுப் பலாமரத் துண்டைக் குடைந்து செய்யப்படுவன. முதிர்ந்த மரத்தின் வைரமே இதற்கு உகந்தது. புறத்தேயுள்ள வெளிறு பூச்சிக்கு இரையாகும். குடைந்த கட்டையை நிழலிலே மெல்ல உலர விடல் வேண்டும். வெயிலில் விரைந்து உலர்த்தினால் முனைகள் முன்னரே காய்ந்து வெடிக்கும். வெடித்த கட்டையில் நாதம் நில்லாது. மிருதங்கத்தின் நீளம் பெரும்பாலும் 22 முதல் 24 அங்குலம் வரை அமையும். நீண்டது தக்குச் சுருதிக்கும், குறுகியது எச்சுச் சுருதிக்கும் பொருந்தும். தொப்பி அகன்றும் வலந்தலை ஒடுங்கியும் இருத்தல் வேண்டும். இவ்வளவும் அறிந்த கை ஒரு நாளில் உருவாவதன்று.

இக்காலத்தில் கண்ணாடியிழைக் கட்டைகளும் வந்துள்ளன. பாரம் குறைவு, வெடிப்பில்லை, மரமும் தப்பும் என்பர். இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. பிரயாணஞ் செய்வோர்க்கும் பயிலும் சிறுவர்க்கும் அவை உதவும். எனினும் மரமில்லை என்று சொல்லி ஒரு கைத்தொழிலைக் கைவிடுதல், விதையாதவன் விளைச்சலில்லை என்று வருந்துவதை ஒக்கும்.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியின்றிப் பலாவைத் தறித்தலைத் தடுக்கின்றது. அது நல்ல காவலே. ஆயின் காவல் மட்டும் மரத்தைப் பெருக்காது. நடுகின்ற கையும் வேண்டும்.

யூபிலி நினைவாக மண்டபமும் கல்வெட்டும் அமைக்க எண்ணும் நாம், கல்லூரி வளவின் ஓரத்திலே பத்துப் பலாக்கன்றுகளையும் நடுவோமாக. பழம் மாணவர்க்காகட்டும், முதிர்ந்தபின் மரம் வாத்தியத்துக்காகட்டும். கட்டை குடையும் தச்சரை இசை வகுப்புக்கு அழைத்து, அவர் தொழிலைப் பிள்ளைகள் கண்ணாரக் காணச் செய்வோமாக. வருபவரை வித்துவானுக்குரிய வரிசையோடே வரவேற்போமாக.

இன்று நடும் கன்றின் நாதத்தை நம்மிற் பலர் கேட்கப்போவதில்லை. நம் பேரப்பிள்ளைகள் கேட்பர், அதுவே போதும்.