சிம் கார்டு மாறலாம்... பாட்டு மாறக் கூடாதா?

2011 ஜனவரி 20. செல்போன் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியா முழுக்க வந்த நாள். அதற்கு முன்னால் நிலைமை என்ன? டவர் கிடைக்காது. பில் தப்புத் தப்பாக வரும். கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் பாட்டுதான் கேட்கும். ஆனாலும் அந்தக் கம்பெனியை விட்டு ஓட முடியாது. ஓடினால் நம்பர் போய்விடும். சொந்தக்காரர், கடைக்காரர், வேலை கொடுப்பவர் என்று எல்லோரிடமும் இருப்பது அந்தப் பழைய நம்பர்தானே! வாடிக்கையாளர் கம்பெனி மேல் ஆசைப்பட்டுத் தங்கவில்லை, மாட்டிக்கொண்டதால் தங்கினார். டிராய் ஒரு விதி போட்டது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பி வேலையைத் தொடங்கலாம், கம்பெனி மாறும், நம்பர் மாறாது என்று ஆனது.

இன்றைக்கு அதே மாதிரி மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் சுயாதீன இசைக் கலைஞர்கள். சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்காமல் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே காசு செலவழித்துப் பாட்டு வெளியிடுகிறவர்கள். ஒரு விநியோக நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் மொத்தப் பாட்டையும் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பது சுலபம். மாற்றவே முடியாது என்று யாரும் சொல்வதில்லை. மாற்றினால் என்னென்ன போகும் என்ற பட்டியலைப் பார்த்தாலே ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிடும், அவ்வளவுதான்.

விநியோக நிறுவனம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் மாதிரியான கடைகளில் தனி ஆள் நேராகப் போய்ப் பாட்டை வைத்துவிட முடியாது. நடுவில் ஒரு நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்றவை வருடச் சந்தா வாங்குகின்றன. சிடி பேபி பாட்டு ஏற்றும்போது ஒரு தடவை கட்டணம் வாங்கிக்கொண்டு, வருகிற வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வருடச் சந்தாவை நிறுத்தினால் பாட்டு கடையிலிருந்தே இறங்கிவிடலாம், இறங்காமல் இருக்க டிஸ்ட்ரோகிட்டில் தனியாக ஒரு கட்டணம் உண்டு! மொத்தத்தில் இவர்கள் வேலை கூரியர் வேலை. பார்சலைக் கொண்டுபோய்க் கொடுப்பது, காசை வாங்கி வந்து கொடுப்பது. பார்சல் கூரியர்காரருக்குச் சொந்தம் ஆகிவிடாது, இல்லையா?

சரி, ஆவடியில் ஒரு கானா பாடகர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் பூந்தமல்லியில் ஒரு மொட்டைமாடி ரூமில் இருக்கிற ஸ்டுடியோ. அஞ்சு வருடத்தில் பன்னிரண்டு பாட்டு. ஸ்டுடியோ அண்ணன் நல்ல மனுஷன். "டேய், உனக்கு எதுக்குடா தனி அக்கவுண்ட், நம்ம அக்கவுண்ட்லயே போட்டுடறேன்" என்று பாசமாக ஏற்றிவிட்டார். பாஸ்வேர்டு அண்ணனிடம். வங்கிக் கணக்கு அண்ணனுடையது. மாதக் கணக்கு எங்கே வருகிறது? அண்ணன் மெயிலுக்கு. பன்னிரண்டில் ஒரு பாட்டு திடீரென்று கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தெருமுனை ஸ்பீக்கர் என்று எல்லா இடத்திலும் ஓட ஆரம்பிக்கிறது. அப்போதுதான் பாடகருக்கு ஞானோதயம்: "அண்ணே, என் பாட்டை என் பேருக்கு மாத்திக் குடுங்கண்ணே."

அங்கே ஆரம்பிக்கிறது கூத்து.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடங்களில் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி. வண்டி எத்தனை கை மாறினாலும் சேசிஸ் நம்பர் மாறாது. அதே போல உரிமையாளர் மாறினாலும், விநியோக நிறுவனம் மாறினாலும் அந்த ஒலிப்பதிவுக்கு அதே குறியீடுதான் இருக்க வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. புதிய நிறுவனத்தில் அதே குறியீடு, அதே ஒலிக்கோப்பு, அதே தலைப்பு கொடுத்தால் கடைகள் "ஓ, இது பழைய பாட்டுதான்" என்று அடையாளம் கண்டு, இதுவரை கேட்ட கணக்கைக் கூடவே ஒட்டிவிடும். குறியீடு தெரியாமல் புதிதாக ஒன்று போட்டால்? பாட்டு மறுபடி பிறந்த குழந்தை. கணக்கு பூஜ்யம். பிளேலிஸ்ட்டில் இருந்த இடமும் போச்சு.

தமிழ்ப் பாட்டுக்கு இன்னொரு தலைவலி கூடுதலாக உண்டு. தலைப்பை ஆங்கில எழுத்தில் போடுவது வழக்கம். "கானா" என்பதை ஒருவர் ஜி போட்டு எழுதுவார், இன்னொருவர் கே போட்டு எழுதுவார். பாடகர் பேரில் ஒரு எச் கூடும், ஒரு எச் குறையும். கம்ப்யூட்டருக்கு அது வேறு பாட்டு, வேறு ஆள்.

"பூஜ்யம்தானே, மறுபடி ஏறிக்கொள்ளும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அந்த ஒலிப்பதிவுக்குக் காசு கிடையாது. பெரிய ஸ்டாருக்கு 1000 ஒரு நொடி வேலை. ஆவடிக்காரரின் மீதிப் பதினொரு பாட்டுக்கு? கணக்கு அறுந்தால் வருமானமும் அறுந்தது.

அப்புறம் யூடியூபின் கன்டென்ட் ஐடி. பழைய நிறுவனம் "இது எங்கள் சரக்கு" என்று பதிந்து வைத்திருக்கும். அதை விலக்கிக்கொள்ளாமல் புதிய நிறுவனம் பதிந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பாடகர் தன் பாட்டைத் தன் சேனலில் போட்டாலே "உரிமை வேறொருவருக்கு" என்று வந்து நிற்கும். தன் வீட்டுக்கே திருடன் ஆகிற கதை! கடைசியாக, நிலுவைக் காசு. கடைகளின் கணக்கு இரண்டு மூன்று மாதம் தாமதமாகத்தான் வரும். அவசரப்பட்டுப் பழைய அக்கவுண்டை மூடினால் அந்தக் காசுக்கு கோவிந்தா.

"இதெல்லாம் விவரம் தெரியாத சின்னப் பசங்களுக்கு வருகிற பிரச்சினை" என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். அப்படியா?

ஆவடியிலிருந்து அதே லோக்கல் ரயிலில் போனால் கடைசியில் வருவது அரக்கோணம். அறிவு பிறந்த ஊர். அவர் எழுதி தீயுடன் பாடிய "எஞ்சாய் எஞ்சாமி", சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில், ஏ.ஆர்.ரஹ்மானின் ஆதரவோடு வந்த மாஜா என்ற நிறுவனத்தின் வெளியீடாக 2021 மார்ச்சில் வந்தது. யூடியூபில் 40 கோடி பார்வையைத் தாண்டிய பாட்டு. சினிமாவுக்கு வெளியே ஒரு தமிழ்ப் பாட்டு இப்படி உலகம் சுற்றியது பெரிய விஷயம்.

மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு பைசா வருமானம் வரவில்லை என்றார். தன் யூடியூப் சேனலின் வருமானம்கூட அந்த நிறுவனத்துக்கே போகிறது என்றார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்றார். சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கப் போவதாக அறிவித்தார். நிறுவனம் இதை மறுத்தது. கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்திருப்பதாகவும், அவர்கள் சார்பில் செலவு செய்திருப்பதாகவும் சொன்னது.

இந்தச் சண்டையில் தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. கேள்வி வேறு. இத்தனை பேர், புகழ், வக்கீல் வைக்க வசதி எல்லாம் இருக்கிற ஒருவரே, தன் பாட்டின் கணக்கைப் பற்றி மூன்று வருடம் கழித்து ஊரறிய வீடியோ போட வேண்டியிருக்கிறது என்றால், எஸ்டேட் லேத்காரர் எந்த வீடியோ போடுவார்? போட்டால்தான் யார் பார்ப்பார்கள்?

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா என்றால் அதுவும் இல்லை. டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மூல ஒலிப்பதிவு 2019-இல் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கை மாறியது. 2020-இல் மறுபடி கை மாறியது. 2021 முதல் அவர் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடி வெளியிட்டார். 2025 மே மாதத்தில்தான் மூலப் பதிவுகளைக் காசு கொடுத்து வாங்கினார். தன் பாட்டைத் தானே விலைக்கு வாங்க உலகத்தின் நம்பர் ஒன் பாடகியால் முடிந்தது. எல்லோராலும் முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. பிரிவு 19-இன்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமை வாங்கியவர் ஒரு வருடம் அதைப் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதி. கேட்க இனிக்கிறது. ஆனால் பாருங்கள், எல்லாமே "குறிப்பிடாவிட்டால்"தான். ஒப்பந்தம் எழுதுகிறவர் முட்டாளா? "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று இரண்டு வார்த்தை குறிப்பிட்டுவிட்டால் கதை முடிந்தது.

இன்னொரு குழி. ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் "தயாரிப்பாளர்". அதாவது முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுச் செய்தவர். பாடகர் ஸ்டுடியோவுக்குக் கொடுத்த காசுக்கு ரசீதும் இல்லை, பேச்சுக்கு ஒரு தாளும் இல்லை என்றால், நாளைக்கு "முன்கை எடுத்தது நான்" என்று பாச அண்ணனே சொன்னால் என்ன செய்வது?

"படிக்காமல் கையெழுத்துப் போட்டது யார் தப்பு?" என்பது எப்போதும் வருகிற கேள்வி. செல்போன் காலத்திலும் இதைச் சொல்லியிருக்கலாம். "நீதானே அந்த கம்பெனி சிம் வாங்கினாய், அனுபவி" என்று. டிராய் அப்படிச் சொல்லவில்லை. நாற்பது பக்கம் ஆங்கிலம், கீழே ஒரு டிக் பெட்டி, மேலே "இப்போதே பாட்டை வெளியிடு" என்று பச்சை பட்டன். இதற்குப் பேர் சம்மதமா?

"நிறுவனம் முதல் போட்டிருக்கிறதே, அதற்கு என்ன பதில்?" நியாயமான கேள்வி. போட்ட காசுக்குக் கணக்கு காட்டட்டும், வசூலிக்கட்டும், அதுவரை பாட்டை வைத்திருக்கட்டும். அடகுக் கடையில்கூட அசலும் வட்டியும் கட்டினால் நகை திரும்ப வருகிறது. கணக்கே காட்டாமல், காலமே சொல்லாமல் நகையைப் பூட்டி வைத்தால் அதற்குப் பேர் முதலீடு இல்லை.

கமிஷன் 9 சதவீதமா 15 சதவீதமா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிற இசை நண்பர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெளியே போகும் வழி இருந்தால் கமிஷன் தானாகக் குறையும். வழி இல்லாவிட்டால் இன்றைக்கு 9 என்று சொல்வது நாளைக்கு 30 ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். செல்போன் கம்பெனிகள் வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க இறங்கி வந்தது எதனால்? அவர் போக முடியும் என்பதால்.

ஆகவே கேட்க வேண்டியது நான்கே நான்கு:

1. முன்பணம் கழிந்துவிட்டால், முப்பது நாள் நோட்டீஸில் வெளியேறலாம் என்பது கட்டாய விதியாக வேண்டும். "நிரந்தரம்" என்ற வார்த்தை விநியோக ஒப்பந்தத்தில் செல்லக் கூடாது.

2. எல்லாப் பாட்டின் குறியீட்டுப் பட்டியலும் கேட்காமலே கலைஞர் கைக்கு வர வேண்டும்.

3. வெளியேறும் நாளில் கன்டென்ட் ஐடி உரிமையைப் பழைய நிறுவனம் விலக்கிக்கொள்ள வேண்டும்.

4. போன பிறகு வருகிற நிலுவைக் காசும் கணக்கும் ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

இதில் எந்தத் தொழில்நுட்பமும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறியீடு இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. இல்லாதது ஒரு விதி மட்டும்தான்.

விதி வரும்வரை? பாட்டு வெளியிட்டிருக்கிற நண்பர்கள் இன்றைக்கு ராத்திரியே ஒரு வேலை செய்யுங்கள். அக்கவுண்ட் யார் பேரில் என்று பாருங்கள். குறியீட்டுப் பட்டியல், ஒலிக்கோப்பு, அட்டைப்படம், இதுவரை வந்த கணக்கு எல்லாவற்றையும் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். மாறுவதாக இருந்தால் முதலில் புதிய இடத்தில் ஏற்றி, கேட்ட கணக்கு ஒட்டிக்கொண்டதா என்று பார்த்து, அப்புறம் பழைய இடத்தில் இறக்குங்கள். ஸ்டுடியோ அண்ணனிடம் ஒரே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கோபித்துக்கொண்டால் இப்போதே கோபித்துக்கொள்ளட்டும், பாட்டு ஹிட் ஆன பிறகு கோபித்துக்கொள்வதை விட அது ரொம்பவே மலிவு.